சாச்சுரேஷன் 99, ஆனாலும் மூச்சு வாங்குது: ரத்தசோகை, எதிர்ப்பாற்றல் கோளாறு கேஸ்களில் உங்களை விடாம துரத்தறது எது?

மூன்றாமாண்டு_மாணவி

மெடிக்கல் வார்டு போஸ்டிங். லூபஸ் (எதிர்ப்பாற்றல் சொந்த உடம்பையே தாக்கற நோய்) பேஷன்ட், நாற்பது வயசு இருக்கும். ஹீமோகுளோபின் 4.8, கூம்ஸ் (சிவப்பணு மேல ஆன்டிபாடி ஒட்டியிருக்கான்னு பார்க்கற டெஸ்ட்) பாசிட்டிவ், கண்ணு மஞ்சள், மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுது. எதிர்ப்பாற்றலே சிவப்பணுவை உடைக்கற ரத்தசோகை (ஆட்டோஇம்யூன் ஹீமோலிட்டிக் அனீமியா), உடல் சூட்டுல ஆன்டிபாடி ஒட்டற வெதுவெதுப்பு வகை. மிச்சம் உங்களுக்கே தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன்.

தலை வாரிக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு இழுப்பு வாருவாங்க, சீப்பை மடியில வெச்சுட்டு மூச்சு வாங்குவாங்க, திரும்ப ரெண்டு இழுப்பு. நாடி 126. விரல்ல மாட்டியிருந்த பல்ஸ் ஆக்சி 99 காட்டுது. "காத்து பத்தலைம்மா"ன்னாங்க. போய்ச் சொன்னேன். சீனியர் ஸ்டாஃப் எட்டிப் பார்த்துட்டு, "99 இருக்கு, பயத்துல அப்படித் தோணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்த அம்மா கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துட்டு, "இது நல்லா இருக்குன்னு சொல்லுது, அப்ப நான் நடிக்கிறேனா?"ன்னு கேட்டாங்க.

அதுக்கு என்னதான் பதில் சொல்றது? உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருந்தா எழுதுங்க.

நைட்டூட்டி_அக்கா

தங்கச்சி, அந்த 99 பொய் இல்லை. இருக்கற ஹீமோகுளோபின்ல நூத்துக்கு 99 பங்குல ஆக்சிஜன் ஏறியிருக்குன்னு சொல்லுது, அவ்வளவுதான். மொத்தம் எவ்வளவு இருக்குன்னு அந்த மெஷினுக்குத் தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜன் தூக்கும். 15 கிராம் இருக்கறவங்களுக்கு 100 மில்லி ரத்தத்துல கிட்டத்தட்ட 20 மில்லி. உன் பேஷன்டுக்கு ஆறரை கூட வராது. அதை ஈடுகட்டத்தான் இதயம் 126 அடிக்குது. உதடு நீலமாகலையேன்னும் ஏமாறக் கூடாது. நீலம் தெரியணும்னா ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் மட்டுமே 5 கிராம் வாக்குல வேணும். மொத்தமே 4.8 வெச்சிருக்கறவங்க எங்கேர்ந்து நீலமாவாங்க?

என் கேஸும் இதே நோய்தான், ஆம்பளை பேஷன்ட். பிரெட்னிசலோன் (ஸ்டெராய்டு) பெரிய டோஸ் ஆரம்பிச்சிருந்தாங்க. ராத்திரி மூணு மணிக்கு ரவுண்ட்ஸ் போனா, மனுஷன் தன் லாக்கரைத் துடைச்சு முடிச்சுட்டுப் பக்கத்து பெட் லாக்கரைத் துடைச்சுக்கிட்டு இருக்கார். பகல்ல பத்து அடி நடக்க முடியாத ஆள். கண்ணுல அப்படி ஒரு பளபளப்பு. ஸ்டெராய்டை ஏன் காலையிலேயே கொடுக்கச் சொல்றாங்கன்னு அன்னிக்குப் புரிஞ்சது. கேட்கலைன்னாலும் ஒண்ணு சொல்றேன்: இந்த கேஸ்ல ரத்தம் மட்டும் ஏத்த விடாதீங்க. ஏத்தறது அத்தனையும் உடைஞ்சு மூத்திரம் கறுப்பாப் போகும்.

ரத்தவங்கிக்காரன்

மேலே உள்ள கடைசி இரண்டு வரியை மாணவர்கள் யாரும் நோட்டில் ஏற்ற வேண்டாம்.

இந்த நோயில் ஐஜி-ஜி (IgG) என்ற வகை ஆன்டிபாடி அநேகமாக எல்லாருடைய சிவப்பணுவோடும் ஒட்டும். அதனால் கிராஸ்மேட்ச் (பேஷன்டின் ரத்தத்தோடு பை ரத்தம் சேருகிறதா என்ற சோதனை) போட்டால் எந்தப் பையும் சேராது. ஆனால் ஏற்றுகிற அணுக்கள் பேஷன்டின் சொந்த அணுக்கள் எவ்வளவு காலம் தாங்குமோ ஏறக்குறைய அவ்வளவு காலம் தாங்கும். ஹீமோகுளோபின் 4-க்கு இறங்கி நெஞ்சு வலிக்கிறவருக்கு "சேரவில்லை" என்று ரத்தத்தை நிறுத்தி வைத்தால், ஸ்டெராய்டு வேலை செய்யத் தொடங்கும் முன் ஆள் போய்விடுவார். ஸ்டெராய்டு வேலை செய்யச் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகும்.

எங்கள் பயம் வேறு. அந்த ஆன்டிபாடியின் அடியில், முந்தைய பிரசவத்திலோ ரத்தமேற்றத்திலோ உருவான இன்னொன்று ஒளிந்திருக்கும். ஒரு இரவு இப்படித்தான் எதுவும் சேரவில்லை. படிவத்தில் 'முன்பு ரத்தம் ஏற்றியதுண்டா' என்ற கட்டம் காலி. போனில் கேட்டேன். அந்த வார்டு சிஸ்டர் லைனைக் கட் பண்ணாமலே படுக்கைக்குப் போய்க் கேட்டார். "மூணு பிரசவம், ரெண்டாவதுல ஏத்தினாங்க" என்று பேஷன்ட் சொல்வது எனக்கே கேட்டது. அதன் பிறகு அட்சார்ப்ஷன் செய்து (மேலே மறைக்கும் ஆன்டிபாடியை உறிஞ்சி நீக்கி) தேடியபோது உள்ளே ஆன்டி-கெல் (கெல் என்ற சிவப்பணு அடையாளத்துக்கு எதிரான ஆன்டிபாடி) இருந்தது. அந்த ஒரு வரி இல்லாமல் கெல் பாசிட்டிவ் பை போயிருந்தால், அதுதான் உண்மையான விபரீதம்.

மூத்திரம் கறுக்கும் என்பதும் இங்கே பொருந்தாது. வெதுவெதுப்பு வகையில் சிவப்பணு உடைவது ரத்தக்குழாயில் அல்ல, மண்ணீரலில். அங்குள்ள விழுங்கணுக்களான மேக்ரோஃபேஜ்கள் சவ்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் துப்ப, மிச்சம் உருண்டையாகி ஸ்ஃபீரோசைட் ஆகிறது. வெளிவரும் பிலிருபின் ஆல்புமினோடு ஒட்டியிருப்பதால் சிறுநீரில் இறங்காது. ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது சிறுநீர் சிவந்தோ கறுத்தோ வந்தால், குழாய்க்குள்ளேயே உடைகிறது என்று அர்த்தம். ஏபிஓ ரத்தக் குரூப் மாறிப்போனதா என்று பாருங்கள். முதலில் கிளாம்ப், அப்புறம் புது செட்டில் சலைன், அப்புறம்தான் போன்.

மூன்றாமாண்டு_மாணவி

மூத்திரம் கறுப்பா இல்லை, நான்தான் அளந்து ஊத்தினேன். அடர் மஞ்சள். ரத்தம் மெதுவா ஏத்தினாங்க, ஒண்ணும் ஆகலை. மறுநாள் முழுத் தலையும் வாரி முடிச்சுட்டாங்க.

நைட்டூட்டி_அக்கா

சரிங்க, உயிருக்கு ஆபத்துன்னா ஏத்தலாம், ஒத்துக்கறேன். நம்பரை மட்டும் பார்த்துட்டு ஏத்தாதீங்கன்னு சொல்ல வந்தேன். படிவம் காலியா வர்றதுக்கு நர்ஸை மட்டும் திட்டாதீங்க, அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியவங்க வேற ஆளு.

ஐசியூ_தம்பி

எனக்கு இதுக்கு நேர்மாறான வகை. குளிர் அக்ளூட்டினின், அதாவது குளிர்ல சிவப்பணுக்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வைக்கற ஆன்டிபாடி. மைக்கோபிளாஸ்மா நிமோனியாவுல வந்த பேஷன்ட்.

ரத்தம் எடுத்து டியூபைச் சாய்க்கறேன், கண்ணாடி ஓரத்துல மணல்மணலா ஒட்டுது. உறைஞ்சுடுச்சுன்னு நினைச்சு இன்னொரு தடவை குத்தினாங்க. அதுவும் அப்படியே. லேப்லேர்ந்து எம்சிஎச்சி (சிவப்பணுக்குள்ள ஹீமோகுளோபின் அடர்த்தி) 44-னு வருது. சிவப்பணுக்குள்ள அவ்வளவு ஹீமோகுளோபின் அடைக்கவே முடியாது. லேப் அக்காதான் டியூபை 37 டிகிரியில வெச்சு எடுத்து வந்து காட்டினாங்க. மணல் எல்லாம் கரைஞ்சு சாதாரண ரத்தமா ஓடுது. மேசை மேல வெச்சுப் பேசிக்கிட்டு இருக்கும்போதே திரும்ப மணல் தட்டிச்சு. அதைக் கண்ணால பார்த்ததுக்கப்புறம் இதைச் செய்யற ஐஜிஎம் (IgM) ஆன்டிபாடி பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பேஷன்ட் விரல் நுனியிலயும் மூக்கு நுனியிலயும் நடக்கறது அதேதான். குளிர்ந்த இடத்துல ஐஜிஎம் ஒட்டும், காம்ப்ளிமென்ட்டை (அணுவைத் தாக்கற ரத்தப் புரதங்களை) கூப்பிட்டு விடும், ரத்தம் உள்ள சூடான இடத்துக்கு வந்ததும் கழண்டுக்கும். காம்ப்ளிமென்ட் மட்டும் அணு மேலயே நிக்கும். அதனாலதான் கூம்ஸ்ல சி3டி (காம்ப்ளிமென்ட்டோட ஒரு துண்டு) பாசிட்டிவ், ஐஜி-ஜி நெகட்டிவ். இதுக்கு ஸ்டெராய்டும் பெருசா கேட்காது.

ஏசி குளிரைக் குறைச்சோம், கையுறை காலுறை போட்டோம், ஐவி சலைனை வார்மர் வழியா விட்டோம். ஷிஃப்ட் மாறினதும் யாரோ ஏசியைப் பழையபடி வெச்சுட்டாங்க. ஹேண்ட்ஓவர்ல சொன்னா மட்டும் போதாது, சுவர்ல எழுதி ஒட்டுங்க.

வீட்டுப்பராமரிப்பு_செவிலி

லூபஸ், குளிர்ன்னு பெரிய பெரிய கேஸா வருது. என்னோடது சாதுவான கேஸ். பெர்னிஷியஸ் அனீமியா, ஆனா அப்படின்னு யாரும் பேர் வைக்கலை. "ரத்தம் கம்மி"ன்னு ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் பல மாசமா ஓடிக்கிட்டு இருந்தது. ஹீமோகுளோபினும் ஏறியிருந்தது, எல்லாருக்கும் திருப்தி.

ஐயாகிட்ட வேற ஏதாவது தொந்தரவு உண்டான்னு கேட்டேன். "முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடினா விழுந்துடறேன் சிஸ்டர்"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். வயசாச்சுன்னு அவரே முடிவு பண்ணிட்டார். கால் பெருவிரலைப் பிடிச்சு மேலயும் கீழயும் அசைச்சு எந்தப் பக்கம்னு கேட்டா, கண்ணை மூடிக்கிட்டு அவரால சொல்ல முடியலை. நாக்கு வழுவழுன்னு சிவந்து கிடக்கு.

வயித்துச் சுவர்ல இன்ட்ரின்ஸிக் ஃபேக்டர் சுரக்கற பரைட்டல் செல்லை உடம்போட எதிர்ப்பாற்றலே தாக்குது. அந்த ஃபேக்டர் இல்லாம பி12 சிறுகுடலோட கடைசிப் பகுதியில ஏறாது. கல்லீரல்ல பல வருஷத்துக்குச் சேமிப்பு இருக்கறதால நோய் சத்தமில்லாம வரும். ஃபோலிக் ஆசிட் ரத்தத்தைச் சரிபண்ணி மறைச்சுடும், நரம்பு உறையைக் காப்பாத்தாது. தண்டுவடம் பாட்டுக்குக் கெட்டுக்கிட்டே போகும். பி12 ஊசி ஆரம்பிச்ச பிறகு எரிச்சல் குறைஞ்சது, ஆனா தடி இல்லாம அவரால நடக்க முடியலை. ரிப்போர்ட்ல மட்டும் எல்லாம் நார்மல்.

பாடம்_எடுப்பவர்

மாணவர்கள் படிக்கும் இழை என்பதால் சொல்கிறேன். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி (எதிர்ப்பாற்றல் அளவு மீறித் தாக்குவது) நான்கு வகையையும் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஆன்டிபாடி எங்கே நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள். மாஸ்ட் செல் மேல் ஐஜி-ஈ நின்றால் முதல் வகை, நிமிடங்களில் வெடிக்கும். அணுவின் மேலேயே நேராக உட்கார்ந்தால் இரண்டாவது. ஆன்டிஜனோடு சேர்ந்து ரத்தத்தில் கட்டியாகி, சிறுநீரகம் போன்ற வடிகட்டியில் சிக்கினால் மூன்றாவது. ஆன்டிபாடியே இல்லாமல் டி செல் நேரில் வந்தால் நான்காவது. டியூபர்குலின் (காசநோய்ச் சோதனை) ஊசி போட்ட இடத்தின் தடிப்பை 48 முதல் 72 மணி நேரம் கழித்துப் பார்ப்பது அதனால்தான்.

முதல் பதிவில் உள்ள பேஷன்டுக்கு ரத்தம் உடைவது இரண்டாம் வகை. அவருக்கே நாளை சிறுநீரில் புரதம் போனால் அது மூன்றாம் வகை. ஒரே ஆள், ஒரே நோய். அவருக்குச் சிறுநீர் டிப்ஸ்டிக் போட்டீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. இந்த நான்கு வகையை 1963-இல் கெல் (Gell) என்ற ஆய்வாளரோடு சேர்ந்து வகுத்த கூம்ஸும், 1945-இல் மூரன்ட், ரேஸ் ஆகியோருடன் கூம்ஸ் டெஸ்ட்டைக் கொண்டுவந்த கூம்ஸும் ஒருவரே. இதை எந்த வகுப்பிலும் சொல்வதில்லை.

ரத்தசோகைக்கும் அப்படியே. எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) பார்ப்பதற்கு முன் ரெட்டிகுலோசைட்டை (மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணுவை) பாருங்கள். ஏறியிருந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது. ரத்தம் கசிகிறது அல்லது உடைகிறது. இறங்கியிருந்தால் உற்பத்தியிலேயே கோளாறு. இந்த ஒரு கேள்வியில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

என் அனுபவம் என்றால், அப்ளாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை ரத்த அணுக்களையே போதிய அளவு தயாரிக்காத நோய்) வந்த ஒரு கல்லூரிப் பையன். பி.பி. கஃபை அவிழ்த்தபோது கையைச் சுற்றி அச்சுக் குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள்.

கீமோ_வார்டு

சார், அனுபவம் ரெண்டு வரி, பாடம் ரெண்டு பக்கம். ரெட்டிக் விஷயம் உபயோகம், அதனால மன்னிச்சாச்சு.

கிருமியோட சண்டை போடற வெள்ளணுவான நியூட்ரோஃபில் 100-க்கும் கீழ போயிருந்த பேஷன்ட். ஆசனவாய் பக்கம் வலின்னு உட்கார முடியாம தவிக்கறார். பார்த்தா லேசா சிவப்பு, அவ்வளவுதான். வீக்கம் இல்லை, சீழ் இல்லை. "ஒண்ணும் இல்லையே"ன்னு ரெண்டு பேர் பார்த்துட்டுப் போயாச்சு. சீழ்னாலே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்தானே. இல்லாத அணு எங்கேர்ந்து சீழ் கட்டும்? டெம்பரேச்சர் 38.4. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏத்தியும் சாயங்காலம் பி.பி. 80-க்கு இறங்கிடுச்சு. பிழைச்சுட்டார். இவங்களுக்கு வலிதான் ரிப்போர்ட். ஆசனவாய்ல தெர்மாமீட்டரும் எனிமாவும் கிட்டயே கொண்டு போகாதீங்க.

மூட்டுநோய்_ஓபி

முடக்குவாத பேஷன்ட், ஹீமோகுளோபின் 9.2, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டறது) 410, டிஐபிசி (ரத்தம் இரும்பைச் சுமக்கற கொள்ளளவு) குறைவு. இரும்பு மாத்திரை சாப்பிட்டு மலம் கறுத்ததுதான் மிச்சம். ரிப்போர்ட்டை என் முன்னாடி விரிச்சு வெச்சு, "இதுல இரும்பு குறைச்சல்னு போட்டிருக்கு, அதுக்குக் கீழயே சேமிப்பு அதிகம்னு போட்டிருக்கு. எதை நம்பறது?"ன்னு விரலை ரெண்டு வரியிலயும் மாத்தி மாத்தி வெச்சாங்க.

கிடங்கு நிறைய சரக்கு இருக்கு, கதவைப் பூட்டிட்டாங்கன்னு சொன்னேன். அழற்சியில ஐஎல்-6 (அழற்சியைத் தூண்டற புரதம்) ஏற, கல்லீரல் ஹெப்சிடின்ங்கற ஹார்மோனைச் சுரக்குது. ஹெப்சிடின், செல்லுலேர்ந்து இரும்பை வெளியே விடற கதவான ஃபெரோபோர்ட்டினை இழுத்து அழிச்சுடுது. இரும்பு மேக்ரோஃபேஜ் உள்ளேயே கிடக்கும், மஜ்ஜைக்குப் போகாது. கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாதுன்னு உடம்பு செய்யற வேலை, கிருமியே இல்லாதப்பவும் நடக்குது. "அப்ப பூட்டை யாரு திறப்பா?"ன்னு கேட்டாங்க. மூட்டு அழற்சிக்கு மருந்தை மாத்தின பிறகுதான் ஹீமோகுளோபின் ஏறிச்சு, மாத்திரையால இல்லை. அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் நார்மலா இருக்கறதை மட்டும் நம்பி இரும்பு போதும்னு முடிவு கட்டாதீங்க. ரெண்டும் சேர்ந்தே இருக்கற பேஷன்ட் நிறைய பேர்.

டேகேர்_சிஸ்டர்

ஐவி இரும்பு. சொட்டு விட்டுச் சில நிமிஷத்துல பேஷன்ட் முகம் குப்புன்னு சிவந்து, "முதுகைப் பிடிக்குது"ன்னு கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாங்க. பி.பி. நார்மல், வீசிங் இல்லை, தடிப்பு இல்லை, நாக்கு வீங்கலை. நிறுத்திட்டுப் பக்கத்துலயே நின்னோம். கால் மணி நேரத்துல தானா அடங்கிடுச்சு. டாக்டர் பார்த்துட்டு மெதுவான வேகத்துல மறுபடி ஆரம்பிச்சார், பிரச்சினை இல்லை.

நைட்டூட்டி_அக்கா

இதையெல்லாம் சாதாரணமா எழுதாதீங்க. முதுகைப் பிடிக்குதுன்னா அனாஃபிலாக்ஸிஸ்னு (உயிருக்கு ஆபத்தான அலர்ஜின்னு) எடுத்துக்கணும். குறைஞ்சது ஒரு ஆன்டிஹிஸ்டமினாவது போட்டிருக்கலாமே?

டேகேர்_சிஸ்டர்

அக்கா, சாதாரணமா எடுத்துக்கலை, அட்ரினலின் ட்ரே கையில இருந்தது. இது ஃபிஷ்பேன் ரியாக்ஷன் (ஐவி இரும்பு ஏத்தும்போது வந்து தானா அடங்கற எதிர்வினை), ஐஜி-ஈ சம்பந்தப்பட்டது இல்லை. இதுக்குப் பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின் போட்டா, அந்த மருந்தே பி.பி.யை இறக்கித் தூக்கத்தையும் கொடுத்து, இல்லாத அனாஃபிலாக்ஸிஸை இருக்கற மாதிரி காட்டிடும். பி.பி. இறங்கினாலோ, வீசிங், ஸ்ட்ரைடார், வாய் வீக்கம் வந்தாலோ நானும் யோசிக்க மாட்டேன். பெரியவங்களுக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையோட நடு வெளிப்பக்கம், தசையில. தோலுக்கடியில இல்லை.