ஜென்பேங்க்: 12 சிஓஐ வரிசையிலும் “நடுவில் ஸ்டாப் கோடான்” பிழை. யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்

எருக்கம்பூ:
வணக்கம். பிஎச்.டி. இரண்டாம் வருடம். எருக்கஞ்செடியில் பிடித்த வெந்தய வரியன் புழுக்கள் 12-இலிருந்து டிஎன்ஏ எடுத்து, ஃபோல்மர் பிரைமர் (பெருக்கலைத் தொடங்க இரு முனையிலும் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) போட்டு சிஓஐ (இனத்தை அடையாளம் காண உதவும் மைட்டோகாண்ட்ரியா ஜீன்) பண்ணியிருக்கிறேன். இரண்டு பக்கமும் சீக்வென்சிங் கொடுத்தாச்சு. கட்டுரை திருத்தத்துக்கு வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் அக்சஷன் எண் (ஜென்பேங்க் தரவுத்தளம் ஒவ்வொரு வரிசைக்கும் தரும் எண்) வேண்டுமாம். பேங்கிட்டில் (ஜென்பேங்கின் பதிவேற்றப் பக்கம்) ஏற்றினால் பன்னிரண்டுக்கும் ஒரே பிழை: புரதத்துக்கு நடுவில் ஸ்டாப் கோடான், அதாவது ‘புரதம் இங்கே முடிகிறது’ என்று சொல்லும் மூன்றெழுத்து. நீளம் 709 எழுத்து, ஒன்று மட்டும் 710. ரீடிங் ஃப்ரேம் (மும்மூன்றாகப் படிக்கத் தொடங்கும் எழுத்து) 1 என்று கொடுத்தேன். ஒருவேளை நான் பெருக்கியது சிஓஐயே இல்லையோ? நேற்று ராத்திரி தூக்கமே இல்லை.

பைப்பெட்பாண்டி:
மைட்டோகாண்ட்ரியா ஜீனுக்கு சாதா ஜெனெடிக் கோட் ஆகாதும்மா. எந்த மூன்றெழுத்து எந்த அமினோ அமிலம்னு சொல்ற கோட் அட்டவணையில் 2-ஆம் எண்ணைப் போட்டுப் பாருங்க, சரியாயிடும்.

எருக்கம்பூ:
ஓஆர்எஃப் ஃபைண்டரில் (வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துக் காட்டும் கருவி) 2 போட்டுப் பார்த்தேன் சார். ஸ்டாப் குறைந்தது, ஆனால் போகவில்லை.

தட்டான்:
பாண்டி அண்ணன் பாதி சரி. 2 என்பது முதுகெலும்பிகளுக்கு. பூச்சிக்கு 5. சாதா அட்டவணையில் ஸ்டாப் ஆன டிஜிஏ இந்த இரண்டு அட்டவணையிலும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம்தான், அதனால்தான் உங்களுக்கு ஸ்டாப் குறைந்தது. ஆனால் ஏஜிஏ 5-இல் செரின், 2-இல் ஸ்டாப். சிஓஐயில் பூச்சிகளுக்கு ஏஜிஏ தாராளமாக வரும். மிச்சம் நின்றது அதுதான்.

பேங்கிட்டில் அட்டவணை எண்ணைத் தேடி அலையாதீர்கள். இனப் பெயரோடு, வரிசை எங்கிருந்து வந்தது என்று ஒரு இடத்தில் கேட்கும். அங்கே மைட்டோகாண்ட்ரியா என்று கொடுத்தால் 5 தானாக வரும். அதை விட்டால் கரு டிஎன்ஏ என்று எடுத்துக்கொண்டு சாதா அட்டவணையில் படிக்கும். விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, 709 என்றதுமே சந்தேகம் வந்துவிட்டது. ஃபோல்மர் முன் பிரைமர் 25 எழுத்து, பின் பிரைமர் 26. கழித்தால் 658. பிரைமரை வெட்டாமலே ஏற்றியிருக்கிறீர்கள். அது நாம் கடையில் வாங்கிய எழுத்து, பூச்சியுடையது இல்லை. வெட்டித்தான் தர வேண்டும்.

வெட்டியபின் ஃப்ரேம் 2. முதல் எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் 657, சரியாக 219 அமினோ அமிலம். மொழிபெயர்ப்பு டி, எல், ஒய், எஃப், ஐ, எஃப், ஜி என்ற அமினோ அமில எழுத்துகளோடு தொடங்குகிறதா பாருங்கள். வண்ணத்துப்பூச்சி சிஓஐ பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். அது வந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

எருக்கம்பூ:
அக்கா, கை கொடுங்கள்! மைட்டோகாண்ட்ரியாவைத் தேர்வு செய்யவே இல்லை நான். ஒன்பது சுத்தமாகிவிட்டது, டி எல் ஒய் எஃப் அப்படியே நிற்கிறது. இரண்டு தலைகீழாக இருந்தன, ரிவர்ஸ் காம்ப்ளிமென்ட் (எதிர் இழையின் வரிசை) எடுத்ததும் சரி. கே7 என்ற மாதிரி மட்டும் அடம் பிடிக்கிறது. அந்த 710 அதுதான். வெட்டினால் 659. பாதி வரை நன்றாகப் போய், அப்புறம் ஸ்டாப் ஸ்டாப்பாக வருகிறது.

பைப்பெட்பாண்டி:
ஒரு எழுத்து கூடுதல், அவ்வளவுதானே. ஒன்றைத் தட்டிவிட்டு ஏற்றுங்க, யார் பார்க்கப் போறா.

தட்டான்:
அண்ணே, அப்படித்தான் தரவுத்தளம் குப்பையாகிறது! எந்த எழுத்தைத் தட்டுவது என்று பீக் (சீக்வென்சர் ஒவ்வொரு எழுத்துக்கும் வரையும் முகடு) சொல்லட்டும். கே7-க்கு நடுவில் ஸ்டாப் வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்ட பழைய மைட்டோகாண்ட்ரியா துண்டு, நம்ட் என்பார்களே அது. அதுவானால் எழுத்தைத் தட்டி சிஓஐ என்று பெயர் வைப்பது பொய். கே7-இன் இரண்டு ஏபி1 கோப்பையும் (பீக் படம் அதில்தான் இருக்கும்) திறந்து, ஃப்ரேம் உடையும் இடத்துக்கு முன்னால் டிஎன்ஏ எழுத்து ‘டி’ வரிசையாக நிற்கிறதா பாருங்கள்.

எருக்கம்பூ:
நிற்கிறது. ஃபார்வர்டில் ஒன்பது ‘டி’, கடைசி இரண்டு பீக் ஒன்றோடொன்று ஒட்டி, அதற்குப் பிறகு எல்லாமே மங்கல். ரிவர்ஸில் அதே இடத்தில் எட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிவாக இருக்கிறது. மற்ற பதினொன்றிலும் எட்டுதான். மென்பொருள் தானாகக் கோத்ததை நான் திறந்தே பார்க்கவில்லை.

தட்டான்:
அப்போது எட்டு. ஒரே எழுத்து நீளமாக வந்தால் பாலிமரேஸ் வழுக்கும், அந்த மங்கல் அதன் அடையாளம். திருத்தியபின் முழுவதும் ஒருமுறை மொழிபெயர்த்து, மற்றவற்றோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் நம்ட் பயமும் பெரும்பாலும் போகும். எந்த ரீடை (ஃபார்வர்டா, ரிவர்ஸா) நம்பித் திருத்தினீர்கள் என்று ஆய்வக நோட்டில் எழுதி வையுங்கள்.

எருக்கம்பூ:
ஒத்துப்போகிறது. கடைசியாக ஒன்று: கட்டுரை வரும்வரை வரிசைகளை மறைத்து வைக்கலாமா?

தட்டான்:
வைக்கலாம், வெளியீட்டுத் தேதி கேட்கும்போது பின்னால் ஒரு தேதி கொடுங்கள். எண் அதற்குக் காத்திருக்காது, முன்னமே வந்துவிடும். ஆனால் அதற்குள் கட்டுரை எண்ணோடு வெளியாகிவிட்டால் வரிசையையும் திறந்துவிடுவார்கள். ஜென்பேங்கில் திறந்தால் ஐரோப்பாவின் ஈஎன்ஏவிலும் ஜப்பானின் டிடிபிஜேவிலும் தானாகப் போய்ச் சேரும், அங்கே தனியாக ஏற்ற வேண்டாம்.

எருக்கம்பூ:
செவ்வாய் ராத்திரி ஏற்றினேன். இன்று வியாழன் காலை மின்னஞ்சல் வந்துவிட்டது, பன்னிரண்டுக்கும் எண். கே7-உம் சேர்த்து. கட்டுரையில் ஒட்டி அனுப்பிவிட்டேன். பாண்டி சார், உங்களுக்கும் நன்றி, கோபம் வேண்டாம்.

பைப்பெட்பாண்டி:
எனக்கென்ன கோபம். என் பழைய மூன்று வரிசையை இப்போதான் திறந்து பார்க்கிறேன், 709 என்று நிற்கிறது.