மென்பொருளுக்கு ஆசை இல்லையாம், கேட்டுக்கொள்ளுங்கள்!

சிவப்புமை:
நேற்று நாளைக்காற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "இன்னும் பத்து வருஷத்தில் தொழிலில் நேர்மை என்பது ஒரு பிரச்சினையாகவே இருக்காது. மனிதனுக்குத்தான் ஆசை, மென்பொருளுக்கு ஏது? கணக்கும் கொள்முதலும் அதன் கைக்குப் போனால் திருட்டு தானாக நிற்கும்" என்கிறார். ஐயா, ஃபோக்ஸ்வாகன் என்ற ஜெர்மன் கார் கம்பெனியைக் கேள்விப்பட்டதுண்டா? 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நோட்டீஸ் விட்டது. டீசல் காருக்குள் இருந்த மென்பொருள், ஸ்டியரிங் அசைகிறதா, வேகம் என்ன, எஞ்சின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்றெல்லாம் பார்த்து, தன்னைச் சோதனைக்கூடத்தில் உருளை மேல் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கண்டுகொள்ளும். உடனே புகையைக் குறைத்து நல்ல பிள்ளையாகிவிடும். சாலைக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. புகையில் வரும் நச்சு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடு, அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு! உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். ஆசையே இல்லாத மென்பொருள் பார்த்த வேலை.

நாளைக்காற்று:
மென்பொருளா செய்தது? எழுதச் சொன்னவர்கள் செய்தார்கள். கத்தி குத்திவிட்டது என்று கத்தியைப் பிடித்து உள்ளே போடுவீர்களா? அப்புறம், 40 மடங்கு என்பது தப்பு. 10 முதல் 40 மடங்கு வரை என்றுதான் அந்த நோட்டீஸில் இருக்கிறது. தணிக்கைக்காரர் எண்ணையாவது சரியாக எழுத வேண்டாமா?

சிவப்புமை:
40 வரை என்றால் 40 உண்டா, இல்லையா? இருபத்திரண்டு வருஷம் மற்றவர்கள் எண்ணைத் திருத்தித்தான் சாப்பிடுகிறேன். எனக்கே பாடமா?

கறார்கதிர்:
இரண்டு பேரும் தப்பு. இந்த விஷயத்தை முதலில் தோண்டியது முகமை இல்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் புகை அளக்கும் கருவியை வண்டியிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். 2014இல் வந்த அவர்கள் அறிக்கையில் ஒரு வண்டி 15 முதல் 35 மடங்கு, இன்னொன்று 5 முதல் 20. இதில் 40 எங்கே இருக்கிறது? காட்டுங்கள் பார்ப்போம்.

சிவப்புமை:
கதிர், நான் சொன்னது நோட்டீஸ். நீங்கள் சொல்வது அதற்கு முந்தைய வருஷத்துச் சோதனை. போன மாதம் லஞ்ச விவாதத்திலும் இதே மாதிரி வேறு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். நான் திருப்பிக் கேட்டதும் நாலு நாள் ஆளையே காணோம். ஞாபகம் இருக்கிறதா?

கறார்கதிர்:
எனக்குக் காய்ச்சல். அதை அப்போதே சொன்னேன். உங்களுக்குத்தான் வசதியாக மறந்துவிட்டது.

வெள்ளந்தி:
ஒரு சின்னச் சந்தேகம். இங்கே அறம் என்று எதைச் சொல்கிறோம்? சட்டத்தை மீறாமல் இருப்பதையா, சட்டம் கேட்காததையும் செய்வதையா? அதை முதலில் பேசி வைத்துக்கொண்டால் நல்லது.

கறார்கதிர்:
அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். 3 லிட்டர் எஞ்சின் வண்டிகளில் 9 மடங்கு வரைதான் என்று பின்னால் வந்த நோட்டீஸ் சொல்கிறது. ஐயா அதையும் 40இல் சேர்த்துவிட்டாரா?

அரைத்தூக்கம்:
உங்கள் மடங்கு இருக்கட்டும். எங்கள் அலுவலகத்தில் வருஷம் ஒரு முறை நெறிமுறைப் பயிற்சி உண்டு. திரையில் ஒரு படம் வரும், "உங்கள் சக ஊழியர் சப்ளையரிடம் பரிசு வாங்குகிறார், என்ன செய்வீர்கள்?" என்று கேட்கும். நாலு விடை. எப்போதும் மூன்றாவதுதான் சரி: மேலதிகாரியிடம் தெரிவிப்பேன். எங்கள் மேலதிகாரிதான் அந்தப் பரிசை வாங்குகிறவர். போன வருஷம் அவருடைய பயிற்சியையும் என்னையே முடிக்கச் சொன்னார். நூற்றுக்கு நூறு வாங்கிக் கொடுத்தேன். அவர் பெயரில் சான்றிதழ் வந்தது.

நாளைக்காற்று:
இதைத்தானே நானும் சொல்கிறேன்! மனிதன் இருக்கிற இடத்தில் இப்படித்தான். சப்ளையர் தேர்வை மென்பொருள் செய்தால் பரிசை யாரிடம் கொண்டுபோய் நீட்டுவார்கள்?

சிவப்புமை:
மென்பொருளை விற்க வருகிறவனிடம் பரிசை வாங்கிக்கொள்வார் அரைத்தூக்கத்தின் மேலதிகாரி. இதுகூடத் தெரியாதா?

சரி, கத்தி உவமைக்கு வருகிறேன். அமேசான் ஆள் எடுக்க ஒரு மென்பொருள் செய்து பார்த்த கதை 2018இல் ராய்ட்டர்ஸில் வந்தது. பத்து வருஷ விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அதில் பெரும்பாலும் ஆண்கள். அது என்ன கற்றுக்கொண்டது? 'பெண்கள்' என்ற சொல் விண்ணப்பத்தில் இருந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. பெண்கள் சதுரங்கக் குழுவின் தலைவி என்று பெருமையாகப் போட்டிருந்தால் அதற்கும் வெட்டு. இப்படிச் செய் என்று யாரும் எழுதித் தரவில்லை. எந்தக் கை குத்தச் சொன்னது, இந்தக் கத்தியை? காகிதத்துக்கும் இதே கதிதான். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி கம்பெனி 2000இல் 64 பக்கத்துக்கு நெறிமுறைக் கையேடு அச்சடித்தது, கணக்கு மோசடி அம்பலமாகி 2001 டிசம்பரில் திவால். அன்று கையேட்டை நம்பினோம், இனி மென்பொருளை நம்பச் சொல்கிறீர்கள். நான் பார்த்த வரையில் ஏமாற்றுகிறவன் முதலில் படிப்பதே விதிப்புத்தகத்தைத்தான். இனி நிரலைப் படிப்பான்.

40 மடங்கு சரியான எண். அதில் மாற்றமில்லை.

நாளைக்காற்று:
அமேசான் கண்டுபிடித்துத் தூக்கிப் போட்டுவிட்டது இல்லையா? அதே பாரபட்சம் உள்ள எத்தனை மேலாளர்களை யார் தூக்கிப் போட்டார்கள்? மென்பொருளைத் திறந்து பார்க்கலாம், மேலாளர் மண்டையைத் திறக்க முடியுமா?

கறார்கதிர்:
இவ்வளவு பேசுகிறவர் பெயரைச் சரியாக எழுதலாமே. ஃபோக்ஸ்வாகன் இல்லை, ஃபோல்க்ஸ்வாகன். ஜெர்மன் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

சிவப்புமை:
வந்துவிட்டார் ஜெர்மன் பண்டிதர். நீங்கள் மட்டும் "வர்ஜீனியா"வை அவர்கள் உச்சரிக்கிறபடியா எழுதினீர்கள்?

வெள்ளந்தி:
நான் கேட்டது அப்படியே கிடக்கிறது. இன்னொன்றும் கேட்கிறேன். நாளைக்கு மென்பொருள் தானாக முடிவெடுத்துத் தப்பு நடந்தால் சிறைக்கு யார் போவது? இந்த ஃபோக்ஸ்வாகன் வழக்கிலேயே 2017இல் ஒரு பொறியாளருக்கு அமெரிக்க நீதிமன்றம் 40 மாதம் கொடுத்தது. அவராவது இருந்தார்.

கறார்கதிர்:
பாருங்கள், 40 சரியாக வருகிற இடம் அது ஒன்றுதான்.

அரைத்தூக்கம்:
சிரித்ததில் தூக்கமே போய்விட்டது.

சிவப்புமை:
சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். வெள்ளந்தி, உங்கள் கேள்வி நல்ல கேள்வி, அதற்குத் தனியாக எழுதுகிறேன். முதலில் இது முடியட்டும். நோட்டீஸில் 40 என்ற எண் இருக்கிறதா, இல்லையா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லட்டும் நாளைக்காற்று.

நாளைக்காற்று:
தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். உங்கள் முயலுக்கு 40 கால். இருக்கிறது, ஆனால் தனியாக இல்லை.

சிவப்புமை:
"இருக்கிறது" என்று எழுதிவிட்டார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் அந்த நோட்டீஸின் வரியை எடுத்து மொழிபெயர்த்துப் போடுகிறேன்.

நாளைக்காற்று:
போடுங்கள். "10 முதல்" என்பதையும் சேர்த்து மொழிபெயர்த்துவிடுங்கள்.