வேக விதியின் பகுதியில் ஹைட்ராக்சைடு எப்படி வந்தது?

வேதி_மாணவி: எம்.எஸ்சி. முதலாண்டு படிக்கிறேன். ஹைப்போகுளோரைட்டும் அயோடைடும் சேர்ந்து ஹைப்போஅயோடைட்டும் குளோரைடும் தருகிற வினை. ஹைட்ராக்சைடு 1 மோலார் இருக்கும்போது இரண்டாம் வகை வேக மாறிலி சுமார் 60, அதையே 0.5 மோலார் ஆக்கினால் 120. வினைச் சமன்பாட்டின் எந்தப் பக்கத்திலும் ஹைட்ராக்சைடு இல்லை. அப்புறம் அது வேக விதியில், அதாவது வேகத்தைச் செறிவுகளோடு இணைக்கும் வாய்ப்பாட்டில், எப்படிப் பகுதியில் (வகுக்கும் கோட்டுக்குக் கீழே) வந்து உட்கார்ந்தது? விடையில் ‘முன்சமநிலை’ (மெதுவான படிக்கு முன்பே வேகமாக ஏற்படும் சமநிலை) என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், எனக்கு அது போதவில்லை.

வினைவேகம்: இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்துகிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பகுதியில் நிற்கிற பொருள், மெதுவான படிக்கு முன்பே கழன்றுபோன பொருள். ஹைப்போகுளோரைட் தண்ணீரிடமிருந்து ஒரு புரோட்டானை வாங்கி ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. ஹைட்ராக்சைடு வெளியே போகிறது. காரம் கூடக் கூட இந்த அமிலம் குறையும். அயோடைடு தாக்குவது இந்த அமிலத்தின் குளோரினைத்தான்.

நம்பிக்கை வராவிட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மோலார் காரத்தில் ஏறக்குறைய 30 லட்சத்தில் ஒரு பங்குதான் அமில வடிவில் இருக்கும். அந்தத் துளி அமிலமே 60 என்ற வேகத்தைத் தருகிறது என்றால், அதன் உண்மையான வேக மாறிலி 60 × 30 லட்சம், அதாவது 18 கோடி. பின்னாளில் நேரடியாக அளந்தபோது கிடைத்தது சுமார் 14 கோடி. பர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழகிய நமக்கு இது நம்ப முடியாத வேகம்!

வேதி_மாணவி: கணக்கு புரிகிறது சார். ஆனால் புரோட்டான் யாரிடம் இருக்கிறது என்று வேக விதி சொல்லவில்லையே? ஹைப்போகுளோரைட்டும் ஹைட்ரஜன் அயோடைடும் மோதினாலும் இதே விதிதானே வரும்?

வினைவேகம்: அருமையான கேள்வி. வேக விதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஆனால் ஹைட்ரஜன் அயோடைடு மிக வலிமையான அமிலம். காரக் கரைசலில் அது பிரியாமல் இருப்பது இல்லை என்றே சொல்லலாம். அந்த வழியில் 60 வரவேண்டுமானால் வேக மாறிலி 1-க்குப் பின்னால் 20-க்கும் மேற்பட்ட சுழியங்கள் கொண்ட எண்ணாக இருக்க வேண்டும். தண்ணீரில் இரண்டு மூலக்கூறுகள் சந்திப்பதற்கே உச்சவரம்பு சுமார் 1,000 கோடி. ஆகவே அந்த வழி அடிபடுகிறது. இன்னொன்று: அயோடைடுக்குப் பதில் புரோமைடைப் போட்டால் அதே அமிலத்துடன் மாறிலி 1,500 அளவுக்கு இறங்கிவிடும். குளோரினைத் தாக்குவதில் அயோடைடு அவ்வளவு கெட்டிக்காரன்.

குளத்துக்காரர்: நீச்சல் குளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பிஹெச் 8.5-க்குப் போனால் குளோரின் பவுடர் எவ்வளவு போட்டாலும் பாசி அடங்குவதில்லை. காரணம் இதுவா?

வினைவேகம்: இதேதான் அண்ணா. பாசியை அடக்குவது பெரும்பாலும் அந்த ஹைப்போகுளோரஸ் அமிலம்தான். 7.5-ல் அமிலம் பாதி, ஹைப்போகுளோரைட் பாதி. 8.5-ல் அமிலம் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. சோதனைக் கிட் இரண்டையும் சேர்த்தே குளோரின் என்று காட்டும். முதலில் பிஹெச்சை இறக்குங்கள். ஆனால் அதற்கான அமிலத்தையும் பவுடரையும் ஒரே வாளியில் மட்டும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பிவிடும்.