எக்செல்லில் 75,926, கையால் போட்டால் 85,037: அப்பள டிரையர் வாங்கலாமா?

ஜெய்ஹிந்த்புரம் அப்பளம்:
வணக்கம். மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில் அம்மா காலத்திலிருந்து அப்பளம் போடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் காயவைக்க வழியில்லை, முகூர்த்த ஆர்டரெல்லாம் கைவிட்டுப் போகிறது. அதற்காக ஒரு டிரையர் பார்த்திருக்கிறேன். பொருத்திக் கொடுக்க 12 லட்சம். கரண்ட், கூலி போக வருஷத்துக்கு 3.25 லட்சம் கூடுதலாகக் கையில் நிற்கும். ஐந்து வருஷம் ஓட்டிவிட்டு 2 லட்சத்துக்கு விற்கலாம். பேங்க் வட்டி 12 சதவீதம், அதையே வைத்து நிகர நிகழ்கால மதிப்பு (என்பிவி) போட்டோம், அதாவது வரப்போகும் வரவையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் குறைத்து, போடும் பணத்தைக் கழித்தால் மிஞ்சுவது. தம்பி கையால் போட்டால் 85,037 வருகிறது. எக்செல்லில் என்பிவி ஃபார்முலா 75,926 காட்டுகிறது. எது சரி? இரண்டுமே லாபம்தானே, துணிந்து இறங்கலாமா?

சிம்மக்கல் பி.காம்.:
தம்பி போட்டதுதான் சரி அக்கா. எக்செல்லின் என்பிவி, நாம் கொடுக்கும் முதல் தொகையே ஒரு வருஷம் கழித்துத்தான் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். இன்று கொடுக்கிற 12 லட்சத்தையும் உள்ளே சேர்த்தால் எல்லாமே ஒரு வருஷம் தள்ளிப் போய்விடும். 85,037-ஐ 1.12-ஆல் வகுத்துப் பாருங்கள், 75,926 வரும். ஃபார்முலாவுக்குள் ஐந்து வருஷ வரவை மட்டும் கொடுத்து, 12 லட்சத்தை வெளியே கழியுங்கள்.

திருநகர் கணக்கர்:
சரி, ஃபார்முலா தகராறு தீர்ந்தது. என் கவலை அந்த 3.25 லட்சத்தின் மேல்தான் அம்மா. சிறு தொழில்களுக்கு பேங்க் கடனுக்கான திட்ட அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. மெஷின் விலையைப் பைசா சுத்தமாகச் சொல்கிறவர்கள்கூட, சரக்கில் முடங்கும் பணத்தைச் சொல்ல மாட்டார்கள். மழையிலும் அப்பளம் போட வேண்டுமென்றால் உளுந்து மாவு கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். கீழமாசி வீதிக் கடைக்காரர் சரக்கு எடுத்த அன்றே பணம் எண்ணி வைப்பாரா? கடன்தான். இதற்கெல்லாம் ஒன்றரை லட்சம் முடங்குகிறது என்று வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து அது முழுசாகத் திரும்பினாலும், 12 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு பாதிக்குச் சற்று மேல்தான். சுமார் 65,000 ரூபாய் அங்கேயே போய்விடும். உங்களிடம் மிஞ்சுவது 20,000.

அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும், வருஷ வரவு 3,01,400-க்குக் கீழே இறங்கினால் நஷ்டம். மாதம் 2,000 ரூபாய் குறைந்தாலே போதும். வடகிழக்குப் பருவமழை நம் ஊரில் வருஷா வருஷம் ஒரே மாதிரியா பெய்கிறது? மழை பொய்த்த வருஷம் வெயிலே காயவைத்துவிடும், டிரையர் சும்மா கிடக்கும். அதனால் ஐந்து வருஷத்துக்கும் ஒரே தொகையைப் போடாதீர்கள். பழைய ஆர்டர் நோட்டுகளைப் பிரித்து, மழையால் வேண்டாமென்று சொன்ன ஆர்டர்களை ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனியாகக் கூட்டுங்கள்.

ஜெய்ஹிந்த்புரம் அப்பளம்:
நன்றி ஐயா. 3.25-இல் பேங்க் வட்டியைக் கழிக்கவில்லை. கழிக்கணுமா? அப்புறம், மானியம் கிடைக்கும் என்கிறார்களே, அதை மெஷின் விலையில் குறைத்துக்கொள்ளலாமா?

திருநகர் கணக்கர்:
வட்டியைக் கழிக்காதீர்கள். 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும்போதே வட்டி அதற்குள் வந்துவிட்டது. மறுபடி கழித்தால் ஒரே செலவை இரண்டு தடவை எழுதியதாகும். வருமான வரி கட்டுகிறீர்கள் என்றால் அதைக் கழியுங்கள். தேய்மானம், அதாவது மெஷின் பழசாவதற்காகக் கணக்கில் எழுதும் செலவு, கையை விட்டுப் போகும் காசில்லை, ஆனால் வரியைக் குறைக்கும்.

மானியத்தை இன்றே வந்ததாக எழுதக் கூடாது. மத்திய அரசின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் என்று வைத்திருந்தார்கள். உங்கள் மெஷினுக்கு 4.2 லட்சம் வரும். ஆனால் அந்தப் பணம் பேங்கிலேயே நிற்கும். பேங்க் நமக்குக் கடனின் கடைசிப் பகுதியைக் கொடுத்து மூன்று வருஷம் ஆகி, கடனும் ஒழுங்காக இருந்து, தொழிலும் நடந்தால்தான் நம் கணக்கில் சேரும். மூன்றாம் வருஷ வரவாக எழுதினால் அதன் இன்றைய மதிப்பு 2.99 லட்சம். அதையும் அனுமதி கைக்கு வந்தபிறகு சேருங்கள். மானியம் இல்லாமலே தேறுகிறதா என்று முதலில் பார்ப்போம். நோட்டுக் கணக்கைக் கூட்டி இங்கே போடுங்கள், நானும் சேர்ந்து பார்க்கிறேன்.