புதுப்பிப்பு: மூன்றாம் சுற்று ஜோடி மாறியது மென்பொருள் பிழையால் அல்ல

ஒரு சதுரங்கப் போட்டியின் ஆட்டக்காரர் பட்டியலை, யார் யாரோடு ஆடுவது என்று ஜோடி சேர்க்கும் இரண்டு மென்பொருள்களில் ஏற்றினேன், மூன்றாம் சுற்றில் ஜோடிகள் வேறு வேறாக வந்தன, ஒன்றில் பிழை இருக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். அது தவறு. ஒன்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் டச்சு முறை என்ற ஜோடி விதியில் ஓடியது, மற்றொன்று அமெரிக்கக் கூட்டமைப்பான யுஎஸ் செஸ்ஸின் விதியில். இரண்டுமே சரியாகத்தான் செய்திருக்கின்றன.

சிக்கலைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒரே புள்ளியில் நால்வர், அவர்களின் ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்): 2200, 2050, 1900, 1650. இயல்பான ஜோடி 2200–1900, 2050–1650. ஆனால் 2200, 1900 இருவருக்குமே அடுத்து வெள்ளை வர வேண்டும், மற்ற இருவருக்கும் கறுப்பு. டச்சு முறை தயங்காமல் 2200–1650, 2050–1900 என்று மாற்றிவிடும். நால்வருக்கும் உரிய நிறம் கிடைத்துவிடும், ரேட்டிங் இடைவெளி அங்கே கணக்கே இல்லை. அமெரிக்க விதியோ நிறம் மாறி மாறி வருவதற்காக மட்டும் என்றால் 80 ரேட்டிங் வித்தியாசத்துக்குள்தான் ஆட்களை மாற்ற விடும். வெள்ளை, கறுப்பு எண்ணிக்கையைச் சமப்படுத்தவென்றால் 200 வரை. இங்கே இரண்டு சுற்று முடிந்து எல்லோருக்கும் எண்ணிக்கை சமம், அதனால் 80தான் எல்லை. எப்படி மாற்றினாலும் குறைந்தது 150 வருகிறது. அதனால் அமெரிக்க விதியில் இயல்பான ஜோடி அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு டச்சு முறைதான் பிடித்திருக்கிறது, கையால் சரிபார்க்கும்போது விடை ஒன்றே ஒன்றுதான் வரும். அப்புறம், டைபிரேக்கும் (சம புள்ளி எடுத்தவர்களை வரிசைப்படுத்தும் முறை) மென்பொருளில் தனி அமைப்பு, அதையும் முதல் சுற்றுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். அமைப்பைப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு நன்றி.