உதவி தேவை: ஈலானில் ஒகர, ஓகாரச் சொற்கள் தேடலில் சிக்குவதில்லை

ஆய்வு மாணவி, பெங்களூரு:
அனைவருக்கும் வணக்கம். நீலகிரி அடிவாரத்தில் பதிவுசெய்யப்பட்ட இருளர் மொழிக் கதைகளைப் பெங்களூரில் இருந்தபடி எழுத்தாக்கி வருகிறேன். ஒலியோடு வரிகளைப் பொருத்தும் வேலை ஈலான் (ELAN) என்ற மென்பொருளிலும், சொற்பிரிப்பும் அகராதியும் ஃபிளெக்ஸ் (FLEx) என்ற மென்பொருளிலும் நடக்கின்றன. தமிழ் எழுத்தில் ஓர் அடுக்கும் ரோமன் எழுத்தில் ஓர் அடுக்கும் வைத்திருக்கிறேன். ஃபிளெக்ஸிலிருந்து ஈலானுக்குத் திரும்பக் கொண்டுவந்த கோப்புகளில் ‘கொ’, ‘போ’ போன்ற எழுத்துகள் உள்ள சொற்களைத் தட்டச்சு செய்து தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. அதே சொற்கள் திரையில் கண்ணெதிரே இருக்கின்றன. ரோமன் அடுக்கில் இரட்டைப்புள்ளி இட்ட நடு உயிர்களுக்கும், அதாவது நாவின் நடுப்பகுதியால் ஒலிக்கும் உயிர்களுக்கும், இதே நிலைதான். எழுத்துருவை மாற்றியும் பயனில்லை. இம்மொழியின் தனித்தன்மைகளுள் ஒன்றான நடு உயிர்களின் எண்ணிக்கையே பிழையாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

மென்பொருள் பொறியாளர், ஒயிட்ஃபீல்டு:
வணக்கம் அம்மா. எழுத்துரு இதற்குக் காரணம் அன்று. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறியீட்டு எண் தரும் பொதுத்தரமான யூனிகோடில் ‘கொ’ என்பதைக் ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடுகளாகவும், ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, ஆனால் குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு அவை வெவ்வேறு. தமிழில் இவ்வாறு பிரியக்கூடியவை ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் தனி ‘ஔ’ எழுத்தும் மட்டுமே. அதனால்தான் பிற சொற்கள் தப்பிவிடுகின்றன. ஃபிளெக்ஸ் தன் தரவை என்.எஃப்.டி. எனப்படும் பிரித்த வடிவில் சேமிக்கிறது. நம் விசைப்பலகைகள் பெரும்பாலும் என்.எஃப்.சி. எனப்படும் சேர்ந்த வடிவைத் தருகின்றன. கிடைக்காத சொல் ஒன்றை ஈலானிலிருந்து நகலெடுத்து, பைத்தான் நிரல்மொழியில் அதன் நீளத்தைப் பாருங்கள். நீங்கள் தட்டச்சு செய்த அதே சொல்லைவிட நீளமாக இருந்தால் ஐயமில்லை.

ஆய்வு மாணவி, பெங்களூரு:
மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே நீளம் கூடுதலாக இருக்கிறது. வரிகளின் நேரப் பொருத்தம் கலையாமல் இதை எப்படிச் சரிசெய்வது?

மென்பொருள் பொறியாளர், ஒயிட்ஃபீல்டு:
ஈலானின் கோப்பு யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் உள்ள எக்ஸ்.எம்.எல். உரைதான். முதலில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, கோப்பு முழுவதையும் பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுதியால் என்.எஃப்.சி. வடிவுக்கு மாற்றிச் சேமியுங்கள். நேரக் குறிப்புகள் வெறும் எண்கள் என்பதால் அவற்றுக்கு எதுவும் ஆகாது. ஃபிளெக்ஸ் உள்ளே பிரித்தே வைத்திருக்கும், அது குறையன்று. எனவே அங்கிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் இந்த மாற்றத்தைச் செய்வதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

கள ஆய்வாளர், ஜெயநகர்:
மேலே சொன்னது சரியான தீர்வு. அதோடு, இதே வகைத் தரவைக் கையாள்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். ஒலிக்கோப்பின் பெயரைத் தமிழில் வைத்திருந்தால், என்.எஃப்.சி. மாற்றம் கோப்புக்குள் இருக்கும் அந்தப் பெயரையும் மாற்றக்கூடும். அப்போது ஈலான் ஒலியைக் கண்டுபிடிக்காது. ஒலி தொலைந்ததாகப் பதற வேண்டாம், இணைப்பை மீண்டும் காட்டினால் போதும்.

நெடில் நடு உயிர்களுக்கு இந்த மாற்றம் மட்டும் போதாது. நெடிலைக் காட்டும் மேற்கோடும் நடு உயிரைக் காட்டும் இரட்டைப்புள்ளியும் ஒரே எழுத்தின் மேல் வரும்போது எது முதலில் இடப்பட்டது என்பது முக்கியம். இரு வரிசைகளையும் யூனிகோடு ஒன்றாகக் கருதுவதில்லை, என்.எஃப்.சி.யும் அவற்றை இணைக்காது. ரோமன் ‘யு’ எழுத்துக்கு இரு வரிசைகளிலும் தனித்தனிக் குறியீடுகளே உள்ளன. சிறிய அளவில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம் என்பதால், இதுதான் உங்கள் எண்ணிக்கையை மெய்யாகவே கெடுக்கும் இடம் என்று நினைக்கிறேன். ஒரு வரிசையைத் தீர்மானித்து, மற்றதைத் தேடி மாற்றும் கட்டளையால் ஒழித்துவிடுங்கள். அவ்வாறே ‘கௌ’ எழுத வேண்டிய இடத்தில் ‘கெ’ எழுத்தும் ளகரமும் சேர்த்து ‘கெள’ என்று எவரேனும் தட்டியிருந்தால், அதையும் எந்தக் கட்டளையும் தானாகத் திருத்தாது. ளகரம் உண்மையாகவே ஒலிக்கும் சொற்களும் இருக்கக்கூடும் என்பதால், ஒலியைக் கேட்டு ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆய்வு மாணவி, பெங்களூரு:
மாற்றிய நகலில் ஓகாரச் சொற்கள் தேடலில் கிடைக்கின்றன. நேரப் பொருத்தமும் அப்படியே இருக்கிறது. நெடில் நடு உயிர்களில் இரு வரிசைகளும் கலந்தே இருக்கின்றன. இரட்டைப்புள்ளியை முதலிலும் மேற்கோட்டைப் பின்னும் இடுவது என்று முடிவுசெய்து, அகராதியிலும் அதையே பின்பற்றத் தொடங்கியிருக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.