பண்ணை வீட்டிலிருந்து பார்த்த போர்: நீங்கள் நேரில் கேட்டதைச் சொல்லுங்கள்

சமவெளிக்காரி, நெப்ராஸ்கா:

இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என் கையைப் பிடித்து நடை பழகுபவர்களில் பலர் தொண்ணூறைத் தாண்டியவர்கள். சோளம், மாடு, பன்றி என்று பண்ணையிலேயே வாழ்ந்தவர்கள். இரண்டாம் உலகப்போரைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் சீருடை போட்ட தாத்தாக்களைத்தான் தேடி வருகிறார்கள். அண்ணன் பட்டாளத்துக்குப் போனபின் அவன் வேலையையும் சேர்த்துச் செய்த தங்கைகளிடம் யாரும் போய் உட்கார்வதில்லை. நம்மவர்கள் பலர் அமெரிக்காவின் இந்த மாதிரிச் சின்ன ஊர்களில் இருக்கிறீர்கள். அப்படி யாரிடமாவது பேசியிருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

என்னிடம் வரும் ஒரு பாட்டிக்கு அப்போது பத்து வயது. அவர்கள் பக்கத்தில் பெரிய ஊர் என்றால் நார்த் பிளாட். யூனியன் பசிபிக் ரயில்பாதையில் இருக்கிறது. பட்டாளத்தை ஏற்றிவந்த ரயில்கள் நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க அங்கே பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கும். 1941 டிசம்பரில், நம்ம ஊர்ப் பையன்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜனங்கள் பலகாரத்தோடு ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள். வந்து இறங்கியதோ கான்சாஸ் மாநிலத்துப் பையன்கள். யாராக இருந்தால் என்ன என்று கொண்டுபோனதை அவர்களிடமே கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த ரே வில்சன் என்ற இளம்பெண், வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் இப்படிச் செய்வோமே என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய காரியம் 1946 ஏப்ரல் 1 வரை நடந்தது. ஏறக்குறைய 60 லட்சம் வீரர்கள் அந்த ஸ்டேஷனில் சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் 125 ஊர்கள் முறை வைத்து வந்து பரிமாறின. அரசாங்கம் பணம் கொடுக்கவில்லை.

பாட்டி வீட்டில் முட்டை, பால், வெண்ணெய்க்குக் குறைவில்லை. சர்க்கரைதான் பிரச்சினை. 1942 மே மாதத்திலிருந்து ரேஷன். ஆளுக்கு வாரத்துக்கு அரை பவுண்டு, அதாவது கால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. தங்கள் ஊர் முறை வருவதற்குப் பல வாரம் முன்பிருந்தே வீட்டில் யாரும் காபியில் சர்க்கரை போடமாட்டார்களாம். மிச்சம் பிடித்ததெல்லாம் பிறந்தநாள் கேக்குக்கு. இன்று யாருக்குப் பிறந்தநாள் என்று ரயிலில் கேட்டு, முழு கேக்கை அந்தப் பையன் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பெட்ரோலுக்கும் கூப்பன். சாதாரணக் காருக்கு வாரம் மூன்று, நான்கு காலன்தான். அதனால் மூன்று வீட்டுக்காரர்கள் கூப்பனைச் சேர்த்து, ஒரே காரில் மடியிலும் காலடியிலும் முட்டைக் கூடைகளோடு போவார்களாம்.

பாட்டியின் அண்ணன் அப்போது பசிபிக் பக்கம் கப்பலில். அவர் அம்மா கையில் ஒரு கட்டுத் தபாலட்டை எப்போதும் இருக்கும். தட்டை நீட்டும்போதே "வீட்டுக்கு எழுதினாயா?" என்று கேட்பாராம். இல்லை என்றால் நிற்கவைத்து இரண்டு வரி எழுதவைத்துத் தானே தபாலில் சேர்ப்பார். "எங்க அம்மா எத்தனை அம்மாக்களுக்குத் தூக்கம் கொடுத்தாள் தெரியுமா" என்றார் பாட்டி. இதைச் சொல்லும்போது அவர் குரல் பெருமையில் உயர்ந்தது.

அண்ணன் உயிரோடு திரும்பினார். சர்க்கரை ரேஷன் 1947 ஜூனில்தான் தீர்ந்தது. ஆனால் அந்த அம்மா காலமானபோது நிலவறையில் சர்க்கரை மூட்டைகள் அடுக்கியிருந்ததாம். தேவைக்கு மேல் ஒரு மூட்டை இருந்தால்தான் அவருக்கு உறக்கம் வரும்.

சோளக்காடு, அயோவா:

அக்கா, நல்ல வேளை ஆரம்பித்தீர்கள். நான் குடியிருப்பது ஒரு பழைய பண்ணை வீட்டின் மாடி. கீழே வீட்டுக்காரர், மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாக இருக்கிறார். குளிர்காலத்தில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். அப்போதுதான் பேசுவார்.

அவருடைய பாட்டியிலிருந்து தொடங்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். முதல் உலகப்போரின்போது, 1918 மே மாதத்தில், அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் ஆணை போட்டார். பொது இடத்தில், பள்ளியில், தேவாலயத்தில், தொலைபேசியில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது. பாட்டிக்கு ஆங்கிலம் அரைகுறை. அந்தக் காலத் தொலைபேசி ஒரே கம்பியில் பல வீடுகளுக்குப் போகும், யார் வேண்டுமானாலும் ஒட்டுக் கேட்கலாம். அதனால் சொந்தத் தங்கையோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம். அந்த ஆணை சில மாதத்தில் போய்விட்டது. பாட்டியின் பயம் போகவில்லை. பேரன் பேத்திகளுக்கு ஒரு ஜெர்மன் வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை.

அதே பாட்டி 1944இல் என்ன செய்தார் பாருங்கள். அயோவாவில் அல்கோனா, கிளாரிண்டா என்று இரண்டு ஊர்களில் போர்க்கைதி முகாம்கள். அமெரிக்கா முழுக்க நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தார்கள், பெரும்பாலும் ஜெர்மானியர்கள். பண்ணைப் பையன்கள் பட்டாளத்திலும் தொழிற்சாலையிலும் இருந்ததால் அறுவடைக்கு ஆள் இல்லை. கைதிகளை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கைதிக்கு நாளைக்கு 80 சென்ட், அதுவும் முகாம் கடையில் மட்டும் செல்லும் கூப்பனாக. எங்கள் வீட்டுக்காரர் அப்பாவும் சிலரை அழைத்துவந்தார். மதியம் கைதிகள் முகாமில் கட்டிக்கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டு வயலோரம் உட்கார்ந்திருக்க, பாட்டி உள்ளேயிருந்து வந்து, இருபத்தாறு வருடமாக வாயில் வராத மொழியில் "உள்ளே வந்து சாப்பிடுங்கள்" என்று கூப்பிட்டிருக்கிறார். காவலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அந்த மேசையில் ஒரு தட்டு விழுந்தது.

சின்னப் பையனாக இருந்த வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. அவருடைய பெரியண்ணன் அப்போது இத்தாலியில் ஜெர்மானியர்களோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணனைச் சுடுகிறவர்களுக்கு எதற்குக் கோழிக்கறி?" என்று கத்திவிட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விட்டாராம். பாட்டி பின்னாலேயே வந்து, "அங்கே உன் அண்ணனுக்கு ஒரு கிழவி சோறு போட வேண்டாமா?" என்று கேட்டாராம். எண்பது வருடம் கழித்து எனக்குச் சொல்லும்போதும் அவரால் தொடர முடியவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கைதிகள் அல்கோனாவில் செய்துவைத்த கிறிஸ்து பிறப்புக் குடில் இன்றும் இருக்கிறது. எடுவர்ட் கைப் என்ற கைதியும் நண்பர்களும் தங்கள் சொந்தக் காசைப் போட்டு, பாதி ஆள் உயரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உருவங்கள் செய்தார்கள். டிசம்பர் தோறும் திறக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் குழந்தைகளைக் கூட்டிப் போங்கள், அந்த ஆடுகளின் முகத்தைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலை இருந்தது. கப்பல் வீரர்களின் மிதவைச் சட்டைக்குள் அடைப்பது இலவம்பஞ்சு. அது ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் வரத்து நின்றுபோயிற்று. அதற்கு மாற்றாக அமெரிக்காவில் வேலியோரம் களையாக வளரும் மில்க்வீட் செடியின் பஞ்சைக் கண்டுபிடித்தார்கள். நம்ம எருக்கின் சொந்தக்காரச் செடிதான் அது. காய் வெடித்தால் அதே பட்டுப்பஞ்சு, அதே பால். 1944 இலையுதிர்காலத்தில் பள்ளிக்கூடமே சாக்கைத் தூக்கிக்கொண்டு காய் பறிக்கப் போனது. இரண்டு சாக்கு காய்க்கு ஒரு மிதவைச் சட்டை. வீட்டுக்காரர் எத்தனை சாக்கு நிரப்பினார் என்று இன்றும் கணக்கு வைத்திருக்கிறார், எனக்குச் சொல்லமாட்டேன் என்கிறார். களைக்கொல்லியால் மில்க்வீட் அழிந்துவருகிற ஊரில், இவர் மட்டும் வரப்பில் ஒரு பத்தி விட்டுவைத்திருக்கிறார். மோனார்க் வண்ணத்துப்பூச்சி அந்தச் செடியில்தான் முட்டையிடும்.

போர் முடிந்தபின்தான் அந்த வீடு அடையாளம் தெரியாமல் மாறியது. 1930களின் நடுவில் பத்துப் பண்ணையில் ஒன்றில்தான் மின்சாரம். 1935இல் கிராம மின்மய நிர்வாகம் தொடங்கிக் கம்பி இழுக்க ஆரம்பித்தார்கள். போர் வந்ததும் செம்பு எல்லாம் ஆயுதத்துக்குப் போக, வேலை தேங்கியது. இவர்கள் வீட்டுக்கு விளக்கு வந்தது 1947இல். அவர் அம்மா முதலில் கேட்டது தண்ணீர் இறைக்கும் மோட்டார். துணி துவைக்கும் நாளில் எத்தனை வாளி சுமந்திருப்பார், அவருக்குத்தானே தெரியும்.

அண்ணன் திரும்பிவந்து, ஜி.ஐ. சட்டம் என்ற, திரும்பிவந்த போர்வீரர்களுக்கு உதவும் சட்டத்தின் கீழ் விவசாயப் பயிற்சியில் சேர்ந்தார். மாதாமாதம் உதவித்தொகை, கூடவே வகுப்பு. படித்ததும் டிராக்டர் வாங்கச் சொன்னார், வாங்கினார்கள். வெடிமருந்துக்குச் செய்துகொண்டிருந்த அம்மோனியம் நைட்ரேட் உரமாகி வயலுக்கு வந்தது. விளைச்சல் ஏறியது. குதிரைகள் லாரியில் ஏறிப் போயின. அந்த லாரி போன அன்று அப்பா சாப்பிடவில்லை என்பதை வீட்டுக்காரர் மறக்கவில்லை. ஆட்களும் போனார்கள். 1940இல் அமெரிக்கப் பண்ணைகளில் மூன்று கோடிப் பேர் இருந்தார்கள், 1950இல் அது 2.3 கோடி. பக்கத்துப் பண்ணைகள் ஒவ்வொன்றாக விலைக்கு வந்தன, இவர்கள் வாங்கினார்கள். வசதி வந்தது, ஆனால் கதிரடிக்கக் கூடிவந்த அக்கம்பக்கத்து வீடுகளில் இப்போது ஒரு விளக்கும் இல்லை. நான் குடியிருப்பது அப்படி மிஞ்சிய வீட்டில்.

மலையடிவாரம், வர்ஜீனியா:

எனக்கு ஒரே ஓர் அனுபவம், அதுவும் சிறியது. பெட்ஃபோர்டில் ஒரு நினைவிடத்துக்குப் போயிருந்தேன், பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் நேசநாட்டுப் படைகள் தரையிறங்கிய நாளுக்கானது. சுமார் 3,200 பேர் வாழ்ந்த ஊர். 1944 ஜூன் 6 அன்று ஒரே நாளில் அந்த ஊர்ப் பையன்கள் பத்தொன்பது, இருபது பேர் மாண்டார்கள். ஏறக்குறைய அத்தனை பேரும் இராணுவத்தில் ஒரே கம்பெனி என்ற சிறுபடைப்பிரிவில் இருந்தவர்கள். ஊருக்குச் செய்தி வர ஆறு வாரம் ஆயிற்று. ஜூலையில் கடைத்தெரு மருந்துக்கடையில் இருந்த தந்தி எந்திரம் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டே இருந்ததாம்.

அங்கே வழிகாட்டியாக இருந்த பெண்மணி உள்ளூர்ப் பண்ணைக் குடும்பம். ஹோபாக் சகோதரர்களைப் பற்றி அவர்தான் சொன்னார். பெட்ஃபோர்ட் ஹோபாக், ரேமண்ட் ஹோபாக், இருவரும் பண்ணைப் பிள்ளைகள், இருவரும் அன்று போனார்கள். ரேமண்டின் உடல் கிடைக்கவே இல்லை. அம்மா பரிசாகக் கொடுத்த பைபிள் மட்டும் கடற்கரை மணலில் கிடந்தது. மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு வீரர் அதை எடுத்து, உள்ளே இருந்த முகவரிக்குத் தபாலில் அனுப்பினார்.

போருக்குப் பின் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு ஒரு படிவம் அனுப்பியது. உங்கள் பிள்ளையை ஊருக்குக் கொண்டுவரவா, அங்கேயே இராணுவக் கல்லறையில் விடவா? 1947 முதல் 1951 வரை சுமார் 1,71,000 உடல்கள் ஊர் திரும்பின. "எங்க வீட்டுச் சமையலறை மேசையில் அந்தப் படிவம் ரொம்ப நாள் கிடந்தது. தாத்தா கையெழுத்துப் போடமாட்டார், பாட்டி எடுத்துவைக்கமாட்டாள்" என்று அந்தப் பெண்மணி தன் மாமாவைப் பற்றிச் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்றும் தோன்றவில்லை.

திராட்சைத்தோட்டம், கலிஃபோர்னியா:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இவர்களும் அமெரிக்கக் கிராமத்துக் குடும்பம்தான்.

சாக்ரமெண்டோ பக்கம் ஃப்ளோரின் என்று ஓர் இடம். இப்போது வீடுகளும் கடைகளும். அப்போது ஸ்ட்ராபெரியும் திராட்சையும் விளைந்த ஊர், ஜப்பானியக் குடும்பங்கள் நிறைய. நான் மருந்தாளுநராக இருக்கும் கடைக்கு வருகிற ஒரு பெரியவர் அங்கே பிறந்தவர். ஜப்பானோடு போர் மூண்டபின், 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையால் மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். ஸ்ட்ராபெரி பழுக்கிற நேரம் பார்த்து வெளியேறச் சொன்னார்கள் என்பதுதான் அவர் அம்மாவுக்குக் கடைசிவரை ஆறாத வேதனை. வருடம் முழுக்கப் பாடுபட்டது அந்தச் சில வாரத்துக்காக. கைக்கு வந்த விலைக்குக் குதிரையை, கலப்பையை, பிள்ளைகளின் சைக்கிளை விற்றுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது குத்தகை நிலம் வேறொருவர் கையில். பெரியவரின் அப்பா அதன்பின் கடைசிவரை அடுத்தவர் தோட்டத்தில் கூலி.

அதே ஊரில் பாப் ஃப்ளெட்சர் என்று ஒருவர் இருந்தார், விவசாயத் துறை ஆய்வாளர். மூன்று ஜப்பானியக் குடும்பங்களின் திராட்சைத் தோட்டங்களை அவர்கள் திரும்பும்வரை பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு வந்தார். கொட்டிலை நோக்கி யாரோ துப்பாக்கியால் சுட்டார்கள். அவர் நகரவில்லை. லாபம் முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லியும் பாதிதான் எடுத்தார். மீதியை அவர்கள் பேரில் வங்கியில் போட்டுவைத்தார். 2013இல், 101 வயதில் மறைந்தார். பெரியவர் அவரைப் பற்றிச் சொல்லும்போது தலைகுனிந்து வணங்கினார். பிறகு, "எங்கள் தோட்டத்துக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை" என்றார்.

1988இல் அரசு சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. அவருடைய அப்பா அதற்குள் போய்விட்டார். அந்த இழப்பீட்டை எவ்வளவு நல்ல செய்தி என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நாற்பத்தாறு வருடம் மிகவும் அதிகம்.

சோளக்காடு, அயோவா:

தோட்டத்து அண்ணா, இதை நான் வீட்டுக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஜெர்மன் கைதிக்கு எங்கள் மேசையில் இடம் கிடைத்தது, அந்த அமெரிக்கக் குடும்பத்துக்கு முள்வேலியா?" என்றார். இந்த விஷயம் அவருக்கு எப்போதோ பத்திரிகையில் படித்த அளவுக்குத்தான் தெரியுமாம்.

சமவெளிக்காரி, நெப்ராஸ்கா:

எல்லோருக்கும் நன்றி. ஒரு தகவல். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000ஆம் ஆண்டிலிருந்து போர்வீரர்களின் வாய்மொழி வரலாற்றைச் சேர்க்கிறது. பணியில் உயிர்விட்டவர்களின் பெற்றோர், துணை, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் சொல்வதையும் 2016இலிருந்து ஏற்கிறார்கள். குறைந்தது 30 நிமிடப் பதிவு வேண்டும், கைப்பேசியில் எடுத்தாலே போதும். மலையடிவாரம், அந்த வழிகாட்டி அம்மாவின் வீட்டில் மாமாவின் உடன்பிறப்பு யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

நான் சொன்ன பாட்டியின் அண்ணன் உயிரோடு திரும்பியவர் என்பதால் பாட்டியின் கதைக்கு அங்கே இடமில்லை. மாவட்ட வரலாற்றுச் சங்கத்தில் கேட்டேன், ஒலிப்பதிவாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். பாட்டிக்குக் காலையில்தான் பேச்சு தெளிவாக வருகிறது. அடுத்த வாரம் காலை முறைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன்.